மார்வாவின் கண்ணீரைத் திரும்ப எடுக்க வந்தவர்கள்

மார்வா டிங்லி இறந்தபோது பேப்பரில் போட்ட படத்தில் அவருக்கு ஏழு வயது. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் காலமானார் என்று கீழே அச்சடித்துவிட்டு, மேலே வாயைக் கோணிக்கொண்டு அழுகிற ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டி ஓட்டும் உரிமம் கொடுக்கிற அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண் பரிசோதனை என்ற பேரில், சினிமா எடுக்கிற எங்கள் பர்பேங்க் ஊரில் பாதிப் பேரைத் திட்டியவர் அவர். அந்த மார்வாவைத்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும். எழுதப் படித்தவர்கள் எல்லோரும் அழுகிற பிள்ளையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதால் நான் எழுதுகிறேன்.

அவருடைய இரண்டு முழங்காலும் கெட்ட பிறகுதான் நான் அவரிடம் வேலைக்குப் போனேன். விக்டரி பொலிவார்டு என்ற தெருவில் ஒரு மாடி வீடு. அவர் கீழே, நானும் என் வீட்டாரும் மேலே. மாதா கோவிலில் காலைப் பூசைக்குப் போய் வந்து, அவரைக் குளிக்க வைத்து, முட்டை பொரித்துக் கொடுத்து, துணி மடித்து வைத்துவிட்டு மதியம் மேலே ஏறிப் போவேன். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க பாரு ரோஸி, உன் சாமி படம் எதையும் இங்க மாட்டக் கூடாது. எனக்காக ஜெபம் பண்றதா இருந்தா மாடியில வச்சுப் பண்ணு. சத்தம் கீழ கேக்கக் கூடாது."

"முழங்காலுக்கு மட்டும் பண்ணிக்கட்டுமா?"

"இடது காலுக்குப் பண்ணு. வலது தேறாது. எதுக்கு அவரு நேரத்தை வீணாக்குறே?"

அந்த அழுகை முகம் வந்த சினிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் அதை 'ஸ்டேஷன் படம்' என்பார்கள். கறுப்பு வெள்ளை. அப்பா போருக்குப் போகிறார், ரயில் நகர்கிறது, பிளாட்பாரத்தில் நிற்கிற சின்ன மகள் அழுகிறாள். அவ்வளவுதான். நவம்பர் பண்டிகை விடுமுறையில், வான்கோழி அடுப்பில் வேகிற நேரமாகப் பார்த்து வருஷா வருஷம் டிவியில் போடுவார்கள். அந்த அழுகை வந்ததும் வீட்டிலுள்ள எல்லோரும் மூக்கை உறிஞ்சுவார்கள். பிறகு சாப்பிட உட்காருவார்கள்.

அழுகை எப்படி வந்தது என்பதும் ஊருக்கே தெரியும். பழைய படங்கள் காட்டுகிற சேனலில், படத்துக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்று அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். பிள்ளைக்கு அழுகை வரவில்லையாம். இயக்குநர் பக்கத்தில் போய்க் குனிந்து, உன் அம்மா உன்னை விட்டுவிட்டுக் கான்சாஸ் மாநிலத்துக்கே போய்விட்டாள், இனிமேல் வரமாட்டாள் என்று காதில் சொன்னாராம். உடனே கேமராவை ஓட விட்டாராம். எப்பேர்ப்பட்ட மேதை பாருங்கள் என்று தலையை ஆட்டுவார் அந்தக் கோட்டுக்காரர்.

அந்த மனிதர் சொல்லாத மிச்சத்தை மார்வா எனக்குச் சொன்னார். அவருடைய கால் நகத்தை நான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா எங்கேயும் போகல. ஒரு கறுப்புத் துணிக்குப் பின்னாடிதான் நின்னாங்க. நான் கத்தினதையெல்லாம் கேட்டுக்கிட்டே நின்னாங்க. வெளிச்சம் சரியில்லேன்னு ரெண்டாவது தடவை எடுத்தாங்க. அப்பவும் வெளிய வரல. எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து, கட்டிப்பிடிச்சு, ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். ஐஸ்கிரீம் என்னடி பாவம் பண்ணுச்சு?"

அதன்பின் இன்னும் இரண்டு படங்களில் போட்டார்கள். அதே வித்தையைத் திரும்பவும் செய்து பார்த்தார்கள். உன் நாய் லாரியில் அடிபட்டுவிட்டது என்றார்களாம். "எங்க வீட்ல நாயே இல்ல" என்றாளாம் பிள்ளை. ஒன்பது வயதில் சினிமா முடிந்தது. அவளுடைய தாய் சாகும் வரைக்கும், நீ மட்டும் ஒழுங்காக அழுதிருந்தால் நமக்கு மலைமேல் வீடு இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மார்வா அந்தத் தாயைக் கடைசி வரை தன்னோடு வைத்துத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் அம்மா கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினால், தனக்கு வயது ஐம்பது ஆன பிறகும் ஜன்னல் பக்கம் போய், கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பாராம். இதையும் அவரே சொன்னதுதான். சொல்லிவிட்டு, "நகத்தைச் சதையோட வெட்டாதே" என்று அதட்டினார்.

வருஷத்தில் இரண்டு தடவை, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் பழைய படப் பிரியர்கள் கூடுவார்கள். பழைய நடிகர்களை மடக்கு மேசைகளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். ஜனங்கள் வரிசையில் வந்து புகைப்படத்தில் கையெழுத்து வாங்கிப் போவார்கள். மார்வாவின் மேசைக்கு வருகிறவர்கள் வளர்ந்த ஆட்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், அவர் பக்கத்தில் குனிந்து நின்று, "ஒரு சின்ன அழுகை முகம் காட்டுங்களேன், ஒரு போட்டோ" என்பார்கள்.

"உன் பொண்டாட்டிகிட்ட கேளு. உன்னைக் கட்டிக்கிட்டவளுக்கு நல்லா வரும்" என்பார் மார்வா.

அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். திட்டு வாங்கியதைக்கூடப் பெருமையாக ஊரில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படி இருக்கும்போது அந்தப் படத்தைப் புதிதாக எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பர்பேங்கில் சும்மா இருப்பவர்கள் அதிகம். எல்லோருமே ஏதோ ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை காலை நான் மார்வாவைத் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிற உணவுக்கடையில் இதே பேச்சு. கோயிலை இடித்துக் கடை கட்டுகிறார்கள் என்ற மாதிரி ஒரு கட்சி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளையைப் பார்க்கமாட்டார்கள், அவர்களுக்கும் ஒன்று வேண்டாமா என்று இன்னொரு கட்சி. உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப்போகிற வரைக்கும் கத்துவார்கள். நடுவில் யாராவது, "நம்ம மார்வா இருக்காங்களே, அவங்களையே கேப்போம்" என்பார்கள்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் காப்பி வேணும். அதைக் கேளுங்க" என்பார் அவர்.

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பழைய படத்தைத் திரும்ப எடுக்கும்போது, அதில் நடித்தவர்களில் இன்னும் சாகாமல் இருக்கிற யாரையாவது தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, புதுப் படத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்து இரண்டு விநாடி காட்டுவார்கள். கடை திறக்கிறவன் பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்க வைப்பான் அல்லவா, அந்த மாதிரி. அந்த வியாபாரம் எதுவாக இருந்தாலும் தீர்த்தம் தீர்த்தம்தானே. ஸ்டேஷன் படத்தில் நடித்தவர்களில் மிச்சம் இருந்தவர் மார்வா ஒருவர்தான். ஆகவே வருவார்கள் என்று தெரியும்.

வந்தான். கீகன் என்று பேர். முப்பது வயதுக்குள் இருக்கும், தாடி, ஷூ போட்ட காலில் காலுறை இல்லை. கண்ணாடிக் காகிதம் சுற்றிய பழக்கூடையோடு வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மார்வாவுக்கு முன்னால் மண்டியிட்டான். நான் கோவிலில்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் இவ்வளவு சீக்கிரம் யாரும் மண்டியிடுவதில்லை.

"மிஸ் டிங்லி, உங்க கண்ணீர்தான் என்னை டைரக்டர் ஆக்குச்சு."

"அந்தப் பழியும் என் மேலயா? எந்திரிப்பா. என் முட்டிதான் போச்சு, உன்னோடதும் எதுக்குப் போகணும்?"

அவன் எழுந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். படத்தைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னான். ரயில் கிடையாது, விமான நிலையம். இப்போது யார் ரயிலில் போகிறார்கள்? போர் கிடையாது, போரைக் காட்டினால் பாதி நாட்டுக்குக் கோபம் வரும். அப்பா வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறார். பழைய படத்தில் அப்பா திரும்பி வரமாட்டார். இதில் வந்துவிடுவார், பணம் போடுகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாய் உண்டு. அது பேசும்.

"நாய் என்னத்தைப் பேசும்?"

"ஜோக் அடிக்கும் மேடம். பிள்ளைங்களுக்காக."

"ரயில் இல்ல. போர் இல்ல. அப்பன் சாகல. நாய் ஜோக்கடிக்குது. அப்புறம் என்ன எழவுக்கு அதே பேரை வச்சிருக்கீங்க?"

"அந்த அழுகை மேடம்." அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அதை மட்டும் நாங்க தொடமாட்டோம். அப்படியே இருக்கும். அது புனிதம்."

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டபோது என் கை ஜெபமாலை இருந்த பையைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னான்.

"புதுப் பொண்ணு பேரு எம்ரி. ஏழு வயசு. நல்லா நடிக்கிறா. ஆனா நடிப்பு நடிப்பாவே தெரியுது. எனக்கு நிஜம் வேணும். விமான நிலையத்து பெஞ்சுல நீங்க உக்காந்திருப்பீங்க, அவ வந்து பக்கத்துல உக்காருவா. நீங்க குனிஞ்சு அவ காதுல சொல்லணும். உன் அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க, வரமாட்டாங்கன்னு. அன்னைக்கு அந்த டைரக்டர் உங்க காதுல சொன்னாரே, அதே வார்த்தை. அதை நீங்களே சொல்றீங்க. நெனச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது!"

"அவ அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும், ஒத்துக்கிட்டாங்க. பக்கத்துலயே ஒரு துணிக்குப் பின்னாடி நிப்பாங்க. ஒரே ஒரு நிமிஷம் மேடம்."

மார்வா பழக்கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ காய்ந்த இலைகளை ஊதித் தள்ளுகிற இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்ற பிறகு, "என்னைக்கு வரணும்?" என்று கேட்டார்.

அவன் போனதும் நான் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றேன்.

"நீங்க அதைச் செய்யப் போறீங்களா?"

"எனக்கு ஒரு லிப்ஸ்டிக் வாங்கணும். கூட்டிட்டுப் போ."

"மார்வா, அது சின்னப் பிள்ளை."

"நானும்தான் சின்னப் பிள்ளையா இருந்தேன். எனக்கு ஊத்தின கஷாயத்தை அவளும் குடிச்சா என்ன? அவ என்ன மகாராணியா?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கேலியில் எது நிஜம், எது விளையாட்டு என்று அவரோடு இருந்த அத்தனை வருஷத்திலும் என்னால் பிரிக்க முடிந்ததில்லை. லிப்ஸ்டிக் வாங்கினார். முடிக்குச் சாயம் வைக்கச் சொன்னார். இத்தனை காலம் கூப்பிடாத இடத்திலிருந்து வயதான காலத்தில் கூப்பிட்டால், நல்ல மனசுள்ளவர்கள்கூடப் போய்விடுவார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். மார்வாவும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த எம்ரியை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் இரவில் படுத்தால், ஒரு பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். ஃபாதர் ரெனால்டோ நல்லவர். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ஸ்டேஷன் படமா? என் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த அழுகை இருக்கே!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்களும் கூடப் போங்கள் என்று மட்டும் சொன்னார். அவரையும் அந்தப் படம் பிடித்துத்தான் வைத்திருந்தது.

படப்பிடிப்பு பக்கத்து ஊரான சன் வேலியில், ஒரு பெரிய கொட்டகைக்குள். உள்ளே விமான நிலையம் மாதிரியே கட்டி வைத்திருந்தார்கள். உண்மையான விமான நிலையம் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறது. அதைச் சொன்னதற்கு மார்வா, "அங்க போனா உண்மையா இருந்துடுமே" என்றார். நடிக்கிற பிள்ளைகளுக்காகச் சட்டப்படி ஓர் ஆசிரியை தளத்தில் இருக்க வேண்டும். பாடமும் சொல்லிக்கொடுப்பார், பிள்ளையை யாரும் படுத்தாமல் பார்த்துக்கொள்வார். அன்றைக்கும் ஒரு அம்மாள் இருந்தார். தலை நரைத்த, கண்டிப்பான முகம். ஆனால் அவரிடம் கொடுத்த தாளில், 'வயதான பெண்மணியும் சிறுமியும் பேசிக்கொள்கிறார்கள்' என்று மட்டும் இருந்தது. அதை நம்பி அவர் தின்பண்ட மேசைக்குப் பக்கத்தில் எம்ரியின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மார்வா முதலில் அந்தப் பிள்ளையின் தாயைப் பார்க்க வேண்டும் என்றார். டெஸ்ஸா என்று பேர். சின்னப் பெண்தான், இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். வெள்ளை ரப்பர் ஷூ, கையில் போன், கடித்துக் கடித்துத் தேய்ந்த நகம்.

"உங்களைப் பாத்தது எங்க பாக்கியம் மேடம்" என்றாள்.

"துணிக்குப் பின்னாடி நிக்கப் போறவ நீதானா?"

அவள் போனைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்தானே. முடிஞ்சதும் ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்குவேன்."

"எங்க அம்மாவும் கட்டிப்பிடிச்சாங்க."

"மேடம், இவ அழலைன்னா இன்னொரு பொண்ணைத் தயாரா வச்சிருக்காங்க. அங்க, அந்த வேன்ல உக்காந்திருக்கா. நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

 மார்வா சக்கர நாற்காலியைத் திருப்பு என்று எனக்குக் கை காட்டினார். போகிற வழியில், "வேன்ல வேற ஒருத்தி" என்று மட்டும் முணுமுணுத்தார். அவர் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, பாவாடையைச் சரி செய்துவிட்டேன்.

"மார்வா, வேண்டாம்" என்றேன்.

"நீ போய் உன் ஜெபத்தைப் பண்ணு. இன்னைக்கு சத்தமா பண்ணிக்கோ."

எம்ரி வந்தாள். நான் நினைத்த மாதிரியே இல்லை. முன்பல் இரண்டும் இல்லாத, காதெல்லாம் வெயிலில் சிவந்த, ஒரு காலை மடித்து உட்காருகிற பிள்ளை. மார்வாவைப் பார்த்து, "உங்க கையில ஏன் இவ்வளவு நரம்பு?" என்று கேட்டாள்.

"வித்தா வாங்கிக்கிறியா?" என்றார் மார்வா.

டெஸ்ஸா துணிக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தக் கறுப்புத் துணியைப் பார்த்ததும் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். கீகன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு சின்னத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். அவனைச் சுற்றி நாலைந்து பேர், எல்லோருக்கும் காதுக்கருவி. பெஞ்சுக்கு அடியில் ஒலிவாங்கி. பெஞ்சில் யார் மூச்சு விட்டாலும் இவர்களுக்குக் கேட்கும். எனக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள், கிழவியோடு வந்தவள் என்ற மரியாதைக்கு. கீகன் கையைத் தூக்கிக் காட்டினான்.

கேமரா ஓடியது. எம்ரி பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா போன வாசலைப் பார்த்தாள். மார்வா மெதுவாகக் குனிந்து, வாயை அவள் காதுப் பக்கம் கொண்டுபோனார். கீகன் தன் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டேன்.

"கேளு பொண்ணே" என்றார் மார்வா. "உன் அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு உன்கிட்ட சொல்லச் சொல்லியிருக்காங்க. அது பொய். அவ அந்தக் கறுப்புத் துணிக்குப் பின்னாடி நிக்கிறா. எங்கேயும் போகல."

"தெரியும்" என்றாள் எம்ரி. "அவங்க ஷூ வெளிய தெரியுது."

எல்லோரும் அந்தத் துணியைப் பார்த்தார்கள். தரைக்கு மேல் ஒரு சாண் தூக்கலாகத் தொங்கியது. கீழே இரண்டு வெள்ளை ஷூ, நுனிகள் ஒன்றையொன்று பார்த்தபடி.

"வரும்போதே பாத்துட்டேன்" என்றாள் பிள்ளை. "எதுக்கு ஒளிஞ்சிருக்காங்க? நான் அழணுமா? அழுன்னு சொன்னா அழுவேனே. எனக்கு வரும்." சொல்லிவிட்டு, ஒரு தடவை கண்ணைக் கசக்கி, உதட்டை இழுத்து, இரண்டு சொட்டு வர வைத்துக் காட்டினாள். பிறகு துடைத்துக்கொண்டு, "இது போதுமா, இன்னும் வேணுமா?" என்று திரைப்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

நாடெல்லாம் சேர்ந்து தொழுகிற வித்தை, இத்தனை தாடிக்காரர்கள் கூடி ரகசியமாகத் திட்டம் போட்ட வித்தை, அந்தத் துணியை ஒரு சாண் தாழ்த்திக் கட்டத் தெரியாததால் பாழாய்ப் போயிற்று. இந்த லட்சணத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் கலைஞர்கள் என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

மார்வா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லிப்ஸ்டிக் எல்லாம் பல்லில் ஒட்டிக்கொள்ள, பெஞ்சே ஆட ஆடச் சிரித்தார். துணிக்குப் பின்னால் இருந்த ஷூ இரண்டும் அசையவே இல்லை. டெஸ்ஸா வெளியே வர வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். எம்ரிதான் போய்த் துணியைத் தூக்கி, "அம்மா, வாங்க, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தாய்க்குத்தான் அழுகை. கேமராவை அதற்குள் நிறுத்திவிட்டார்கள்.

ஒலிப்பதிவு செய்கிறவர் தன் காதுக்கருவியை எடுத்து அந்த ஆசிரியையின் கையில் கொடுத்தார். பதிவானதைத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் நேராகக் கீகனிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"இன்னைக்கு இந்தப் பிள்ளைக்கு வேலை முடிஞ்சுது. நாளைக்கு உண்டான்னு நான் போன் பண்ணிட்டுச் சொல்றேன்."

கீகன் மார்வாவிடம் வந்தான். இந்தத் தடவை மண்டியிடவில்லை.

"உங்களைத் தெய்வமா நெனச்சேன். என் படத்தைக் கெடுத்துட்டீங்களே!"

"நான் கெடுக்குறதுக்கு நீ எங்கய்யா இடம் மிச்சம் வச்சிருக்கே?" என்றார் மார்வா. "ஒரு படத்தை எடுத்து அதுல இருந்த ரயிலைத் தள்ளிட்டே, சாவைத் தள்ளிட்டே, ஒரு நல்ல வசனம் விடாம தள்ளிட்டே. அதுல இருந்த ஒரே ஒரு அயோக்கியத்தனத்தை மட்டும் பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டு அதுக்குப் புனிதம்னு பேரு வச்சே. ரோஸி, வண்டியைத் தள்ளு. இந்த ஆளு மேல பழ வாசனை அடிக்குது."

காரில் வரும்போது பேசவே இல்லை. பர்பேங்க் பக்கம் திரும்பின பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்குக் கீழ பாக்கணும்னு தோணவே இல்ல, ரோஸி. அன்னைக்கும் ஷூ தெரிஞ்சிருக்கும். எங்க அம்மாவோட பழுப்பு ஷூ. நான் பாக்கல."

"நம்புற பிள்ளை கீழ பாக்காது" என்றேன்.

"அப்ப இந்தப் பொண்ணு?"

நான் யோசித்தேன்.  ஏழு வயதில் தாயின் ஷூவைத் தேடிப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? "ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றேன்.

"கேட்டு வை. எனக்கும் சொல்லு" என்றார். கேலி இல்லாமல் அவர் ஆண்டவரைப் பற்றிப் பேசியது அது ஒரு தடவைதான்.

எம்ரியை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆசிரியை அம்மாள் போன் பண்ணின பிறகு, வேனிலிருந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விஷயம் வெளியே போகும் என்ற பயம். அந்தக் காட்சியில் எம்ரி தன் சொந்த வழியிலேயே இரண்டு சொட்டு அழுதாளாம். கீகனுக்கு அது போதவில்லை. அப்புறம் கம்ப்யூட்டரில் வைத்து மிச்சக் கண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். மார்வா உட்கார்ந்த பெஞ்சில் வேறொரு கிழவியை உட்கார வைத்துவிட்டார்கள்.

படம் வந்ததும் மார்வா போக வேண்டும் என்றார். ஊரில் இரண்டு கட்சியும் பிரிந்து நின்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த நேரம். பழைய கட்சி, புனிதத்தைக் கெடுத்தார்கள் என்றது. புதுக் கட்சி, அந்தக் குழந்தையின் நிஜமான அழுகை ஒன்றே போதும் என்றது. நிஜமான என்றுதான் எழுதியிருந்தார்கள். நான் படித்துக் காட்டியபோது மார்வா காப்பியைத் துப்பப் பார்த்தார்.

தியேட்டரில் நல்ல கூட்டம். நாய் பேசியது. அப்பா பெட்டியோடு போனார். எம்ரியின் முகம் திரை முழுக்க வந்தது, கன்னத்தில் கண்ணீர் எண்ணெய் மாதிரி தடிமனாக வழிந்தது. எங்களைச் சுற்றி ஒவ்வொருவராக மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரிய ஆள் தோள் குலுங்க அழுதான்.

"பாருடி, டின்னுல அடைச்ச கண்ணீர்" என்றார் மார்வா சோளப்பொரியை மென்றபடி.

"உஷ்!" என்றான் அந்த ஆள்.

"என்ன உஷ்? அப்பன் திரும்பி வந்துடுவான். பயப்படாம அழு."

வெளியே வந்தபோது பழைய படப் பிரியர் சங்கத்துக்காரர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். சங்கத்தின் பத்திரிகைக்கு எழுதுகிறவர். மார்வாவைக் கண்டதும் ஓடிவந்தார், கண்ணெல்லாம் பளபளத்தது.

"மார்வா! நீங்களே சொல்லணும். இதை எடுத்திருக்கவே கூடாது, இல்லையா? பழசு கிட்டயே நெருங்க முடியாது, இல்லையா?"

"குப்பை" என்றார் மார்வா. சங்கத்துக்காரர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். "சுத்தக் குப்பை. ஆனா பழசை விட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

பேனா நின்றது. "என்ன சொல்றீங்க?"

"உள்ள அத்தனை பேரும் அழுதாங்கல்ல? அந்தப் பொண்ணு அழல. அவளுக்கு ஒண்ணுமே ஆகல. வீட்டுக்குப் போய் ராத்திரி நல்லா சாப்பிட்டுத் தூங்கியிருப்பா. என் படத்தை நீங்க எழுபது வருஷமா பாத்தீங்களே, ஒருத்தனாவது அதைக் கேட்டீங்களா? அந்தப் பிள்ளை அன்னைக்கு ராத்திரி தூங்குச்சான்னு?"

அவர் புண்பட்ட முகத்தோடு நின்றார். தான் கும்பிடுகிற இடத்தில் யாரோ காலால் தட்டிவிட்ட மாதிரி. பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்த மாதப் பத்திரிகையில் 'குப்பை என்கிறார் மார்வா டிங்லி' என்று மட்டும் வந்தது.

"தூங்கினீங்களா?" என்று கேட்டேன், அவர் போன பிறகு.

"இல்ல" என்றார். "அம்மா பாவாடை நுனியைப் பிடிச்சுக்கிட்டே முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு, மெதுவாகத் தள்ளு, பள்ளம் இருக்கிறது என்றார். கண் சிவந்தவர்கள் எல்லோரும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, இரவு எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டு, எங்களைக் கடந்து போனார்கள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டேன்.